பூல் ஆட ஆரம்பித்து நாலு மாதம்: முதல் க்யூ எது வாங்கலாம்?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருச்சியிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வந்தவர். கோரமங்களா பக்கம் ஒரு பூல் பார்லரில் (மேஜைமேல் குச்சியால் பந்தடிக்கும் ஆட்டம்) நாலு மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், 'எட்டுப் பந்து' என்ற பூல் ஆட்டம் ஆடுகிறார். பார்லர் குச்சிகள் கைக்கு ஒத்துவரவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குள் சொந்தமாக ஒரு க்யூ வாங்கலாமா, எத்தனை அவுன்ஸ், எத்தனை மில்லிமீட்டர் டிப் (முனையில் ஒட்டும் தோல்)? ஸ்னூக்கர் க்யூ ஒன்று இருந்தால் இரண்டுக்கும் ஆகும் என்று ஒரு நண்பர் சொல்கிறாராம், சரியா? இன்னொரு நண்பர் தன் பழைய கார்பன் க்யூவை விற்கப் பார்க்கிறாராம், அதை எடுக்கலாமா?

வாங்குங்கள் தம்பி. நாலு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் இது வந்துபோகிற ஆசை இல்லை. ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்பதில் தெளிவு இருக்கட்டும். நல்ல க்யூ வந்தால் ஆட்டம் தானாக நன்றாகிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நன்றாக ஆடுகிறவர் கையில் துடைப்பக்கட்டையைக் கொடுத்தாலும் நாலு பந்து போட்டுவிடுவார். சொந்த க்யூவால் கிடைப்பது வேறு ஒன்று: தினமும் அதே குச்சி. பார்லரில் இன்று கையில் கிடைப்பது 18 அவுன்ஸ், நாளைக்கு 20. இன்றைக்கு டிப் உருண்டை, நாளைக்குத் தட்டை, மறுநாள் பாதி கழன்று நிற்கும். பந்து தப்பினால் தப்பு உங்கள் கையிலா, குச்சியிலா என்று தெரியாது. தெரியாததைத் திருத்தவும் முடியாது. சொந்த க்யூ வந்த அன்றைக்கு அந்தச் சாக்கு போய்விடும், டிப்பில் தடவும் சாக் மட்டும்தான் கையில் மிஞ்சும்.

என் முதல் க்யூ கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் இருக்கும். ஊருக்குள் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கினேன். பளபளவென்று கறுப்பு பட் (கையால் பிடிக்கும் பின்பாதி), அதைச் சுற்றி சிவப்பு டிராகன், நடுவில் தங்க நிற வளையம். 21 அவுன்ஸ். "வெயிட் இருந்தாத்தான் சார் பவர்" என்றார் கடைக்காரர். நம்பினேன். மூன்றாவது வாரம் பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) அடித்தபோது டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையம், ஃபெரூல் என்பது அதுதான், மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டுவிட்டது. எங்கள் பார்லர் மார்க்கர் அல்சூர்த் தமிழர், எல்லாருக்கும் மாமா. பந்து அடுக்குவது, ஸ்கோர் சொல்வது, டிப் ஒட்டுவது எல்லாம் அவர்தான். குச்சியை வாங்கி மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரு உருட்டு உருட்டினார். முனை தவளை மாதிரி துள்ளித் துள்ளிப் போனது. "டிராகன் நல்லாத்தான் இருக்கு கண்ணு. குச்சிதான் கோணல்" என்றார். அதற்குப் பிறகு நான் க்யூவில் படம் பார்த்து வாங்கியதில்லை.

சரி, ஸ்னூக்கர் க்யூ விஷயம். நம் ஊர்ப் பார்லர்களில் இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. இங்கே ஸ்னூக்கர்தான் மூத்த பிள்ளை. அது பிறந்ததே 1875-ல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரியின் கையில் என்பார்கள். விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். பெங்களூருவோ பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் உலக சாம்பியன் பங்கஜ் அத்வானி ஆடி வளர்ந்த ஊர். அதனால் பழைய கூடங்களில் பூல் மேஜைக்குப் பக்கத்திலேயே ஸ்னூக்கர் குச்சிகள் சாய்ந்து நிற்கும், ஆளும் கிடைத்ததை எடுத்து ஆடுவார்.

ஆடலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு குச்சியும் இரண்டு வேலைக்குச் செய்தவை. ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., பூல் பந்து 57 மி.மீ. சொச்சம். பார்க்க அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், எடையில் பூல் பந்து நன்றாகவே கனம். ஸ்னூக்கர் க்யூவின் டிப் 9, 10 மி.மீ. அளவில் இருக்கும், ஃபெரூல் பித்தளை, கம்பு பெரும்பாலும் ஆஷ் மரம். ஆஷில் அம்பு முனை மாதிரி ரேகைகள் ஓடும், பார்த்தாலே தெரியும். பூல் க்யூவின் டிப் வழக்கமாக 12-லிருந்து 13 மி.மீ., கம்பு ரேகை அதிகம் தெரியாத வெளிர் மேப்பிள். ஒல்லியான ஸ்னூக்கர் முனையால் கனமான பந்தை, அதுவும் பிரேக்கில் முழு வேகத்தோடு, நித்தம் அடித்துக்கொண்டிருந்தால் டிப் சீக்கிரம் நசுங்கும், பித்தளை வளையம் லூசாகும். போதாததற்கு, நடுவிலிருந்து இம்மி விலகி அடித்தாலும் சின்ன முனை அந்தத் தப்பை அப்படியே பந்துக்குக் கொண்டுபோய்விடும். புதியவர்களுக்கு அது கொஞ்சம் கடுமையான வாத்தியார். நீங்கள் ஆடுவது பூல் என்றால் பூல் க்யூ வாங்குங்கள். பின்னால் 12 அடி ஸ்னூக்கர் மேஜைக்குப் போக ஆசை வந்தால் அப்போது அதற்கென்று ஒன்று பார்த்துக்கொள்ளலாம்.

இனி டிப். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் கடையில் யாரும் இதைப் பேசமாட்டார்கள். பட்டில் பதித்த சிப்பியையும் வெள்ளியையும்தான் காட்டுவார்கள். ஒரு க்யூவில் பந்தைத் தொடுவது முனையில் இருக்கும் அந்தச் சின்னத் தோல் துண்டு மட்டும்தான். அதுவும் எவ்வளவு நேரம் தொடுகிறது? ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதற்குள் வேகம், திசை, சுழற்சி எல்லாம் கைமாறிவிட வேண்டும். சுமாரான கம்பில் நல்ல டிப் இருந்தால் ஆடலாம். பிரமாதமான கம்பில் மோசமான டிப் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

டிப்பில் ஒரே துண்டுத் தோலில் செய்தவை உண்டு, மெல்லிய தோல்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை உண்டு. எல்க் மாஸ்டர், லெ புரொஃபஷனல் என்பவை ஒற்றைத் தோல் வகை. முதலாவது மெத்து, இரண்டாவது கெட்டி. விலை குறைவு, ஆனால் ஒரு பெட்டியில் இருக்கிற எல்லாமும் ஒரே மாதிரி இருக்காது. காமுய், மூரி போன்ற ஜப்பான் டிப்கள் அடுக்கு வகை. விலை பல மடங்கு, குணம் கடைசிவரை மாறாது. மெத்தென்ற டிப்பில்தான் சுழற்சி அதிகம் வரும் என்று பார்லரில் எல்லாரும் சொல்வார்கள். அப்படிப் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. சாக் ஒழுங்காகப் போட்டிருந்தால் எந்த டிப்பும் பிடிக்கும். மெத்து டிப் சீக்கிரம் தேய்ந்து, ஓரம் காளான் மாதிரி விரிந்து தொங்கும். கெட்டி டிப் உழைக்கும், ஆனால் சாக் போட மறந்தால் வழுக்கிவிடும். மீடியம் போதும். அதை ஆறு மாதம் மாற்றாமல் ஆடிப் பாருங்கள்.

டிப்பின் உருண்டை எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு ரூபாய் நாணயத்தை டிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வளைவு ஏறக்குறைய அப்படி இருந்தால் போதும். தட்டையாக இருந்தால் நடுவிலிருந்து விலகி அடிக்கும்போது ஓரம்தான் பந்தில் படும், வழுக்கும். எவ்வளவு நல்ல டிப்பாக இருந்தாலும் பந்தின் நடுவிலிருந்து அதன் ஆரத்தில் பாதிக்கு மேல் வெளியே போனால் வழுக்கத்தான் செய்யும். அது டிப்பின் குற்றம் இல்லை.

சாக் என்றதும் சாக்பீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்தான் அப்படி, உள்ளே இருப்பது சிலிக்காவும் அரத்தூள் போன்ற கரகரப்பான பொருளும். அமெரிக்காவில் 1897-ல் காப்புரிமை வாங்கிய கலவையின் வம்சம் இது. டிப்பைக் கட்டியின் குழிக்குள் வைத்து டிரில் மாதிரி சுற்றாமல், பெயின்ட் அடிப்பது போல விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால்.

மாமா டிப் மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழைய டிப்பை பிளேடால் சீவி எடுப்பார். ஃபெரூலின் தலையில் காய்ந்த பசையை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி, தட்டையான பலகைமேல் உப்புத்தாளை வைத்து, க்யூவைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு தேய். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். புது டிப்பின் அடிப்பக்கத்துக்கும் அதே தேய்ப்பு. ஒரே ஒரு சொட்டு பசை, நடுவில் வைத்து அழுத்திப் பிடித்து, அறுபது எண்ணுவார். அப்புறம்தான் வித்தை: டிப்பைப் பலகைமேல் கவிழ்த்து ஊன்றி, ஃபெரூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோலை பிளேடால் சுற்றிச் சுற்றிச் சீவுவார். வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளாக விழும். ஃபெரூலில் ஒரு கீறல் இருக்காது. கடைசியில் எச்சில் தொட்டு ஓரத்தை நனைத்து, பழைய பெல்ட் துண்டால் சூடேறும் வரை தேய்ப்பார். கண்ணாடி மாதிரி ஆகும். அப்படி மெருகேற்றிய ஓரம் சீக்கிரம் விரியாது. இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் பார்லரில் இருந்தால், க்யூ வாங்கிய மறுநாளே கடை டிப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்றை ஒட்டித் தரச் சொல்லுங்கள். விலை குறைந்த க்யூக்களில் ஆலை ஒட்டி அனுப்பும் டிப் பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும்.

அடுத்தது டிப்பின் அகலம். 13 மி.மீ. பழைய வழக்கம். 12.5 இப்போது சாதாரணம். 11.8 வரைகூட உண்டு. உங்களுக்கு 12.5-லிருந்து 13 வரை எதுவானாலும் சரி. இதைவிட முக்கியம் "லோ டிஃப்ளெக்ஷன்" என்று கடைக்காரர் சொல்லும் விஷயம், அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்தால் குச்சி காட்டும் திசையில் பந்து போகும். வலப்பக்கம் விலகி அடித்தால், பந்து வலச்சுழற்சியோடு போகும், ஆனால் கிளம்பும் திசை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும். பந்து முனையை ஓரமாகத் தள்ளுகிறது, முனையும் பந்தைத் தள்ளுகிறது. குச்சியின் முன்பகுதி எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு இந்த ஒதுங்கலும், அதாவது டிஃப்ளெக்ஷனும், அதிகம். மேஜையின் முழு நீளத்துக்குப் போகிற ஷாட்டில் இதனாலேயே பாக்கெட் தப்பும். 1990-களில் பிரெடேட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் முன்பகுதியைக் குடைந்து எடை குறைத்த 314 என்ற ஷாஃப்டை, அதாவது க்யூவின் முன்பாதிக் கம்பை, கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பல நிறுவனங்களும் அந்த வழிக்குத்தான் வந்தன. (பக்கச் சுழற்சிக்கு நாம் பிரிட்டிஷ்காரர் வழக்கப்படி "சைடு" என்போம். அமெரிக்காவில் அதற்குப் பெயர் "இங்கிலீஷ்". அமெரிக்க வீடியோ பார்த்துக் கற்கிறவர்கள் இந்த இடத்தில் மொழிப்பாடம் நடக்கிறதோ என்று குழம்புவார்கள்.)

இப்போதைக்கு இது உங்களுக்குத் தேவையா? என் அபிப்பிராயம், தேவையில்லை. நாலு மாதத்தில் நீங்கள் போடும் சைடில் பாதி, நீங்கள் போட நினைக்காத சைடு. நடுவில் அடிப்பதாக நினைத்து இம்மி ஒதுங்கி அடிப்பதுதான் நம் எல்லாருக்கும் முதல் வருட வியாதி. சாதாரண மேப்பிள் ஷாஃப்டில் ஒதுங்கல் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரே ஷாஃப்டில் ஆடிக்கொண்டே இருந்தால் மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு ஷாஃப்ட் மாற்றினால் அந்தக் கணக்கு சேரவே சேராது. கிடைக்கும் விலையில் லோ டிஃப்ளெக்ஷன் வந்தால் எடுங்கள், அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

எடை: கடைகளில் 18-லிருந்து 21 அவுன்ஸ் வரை பார்க்கலாம். 19 என்பது நடு, கிராமில் ஏறக்குறைய 540. உலக பூல் சங்க விதிப்படி 25 அவுன்ஸ் வரை போகலாம். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவரை நான் பார்த்ததில்லை. கனமான குச்சி வேகத்தைத் தரும் என்று என் கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. கனம் கூடினால் கை வேகம் குறையும். 19 எடுங்கள். நிறைய க்யூக்களில் பட்டின் அடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றினால் உள்ளே ஒரு போல்ட் இருக்கும். அதை மாற்றி எடையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். வாங்கும்போது அது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். க்யூவின் இரண்டு துண்டையும் மாட்டி, ஒரு விரல்மேல் படுக்க வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பட்டின் அடியிலிருந்து 18, 19 அங்குலம் வந்தால் சரி. முன்பக்கம் கனத்தால் பிரிட்ஜ் போடும் கையில், அதாவது மேஜைமேல் ஊன்றி முனைப்பக்கத்தைத் தாங்கும் கையில், பாரம் விழும். பின்பக்கம் கனத்தால் முனை காற்றாடி மாதிரி அலையும். இதில் சரி தப்பு கிடையாது, கைக்குப் பிடித்தது எதுவோ அதுதான்.

நீளம் 58 அங்குலம், எல்லாருக்கும் அதுதான். ஆறடிக்கு மேல் நன்றாக உயரம் என்றால் மட்டும் யோசியுங்கள். பிடியில் நூல் சுற்றியது, தோல் சுற்றியது, ஒன்றும் சுற்றாதது என்று உண்டு. பெங்களூரு குளிருக்கு எதுவும் போதும்; சென்னையில் மே மாதம் ஆடுகிறவராக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். உள்ளங்கை வியர்க்கும் என்றால் நூல் சுற்றியதை எடுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரிட்ஜ் கையில் ஷாஃப்ட் ஒட்டினால் பவுடரைக் கொட்டாதீர்கள், மேஜைத் துணி பாழாகும், மார்க்கர் முறைப்பார். மூன்று விரல் கையுறை ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷாஃப்டும் பட்டும் சேரும் ஜாயின்ட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. மரத்தோடு மரம் சேர்வதா, ஸ்டீலா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடும் ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அடிக்கச் சொன்னால் வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் திருகின் வகை முக்கியம். ரேடியல், யூனி-லாக், 3/8-10 என்று பரவலாக இருக்கும் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து நல்ல ஷாஃப்ட் மட்டும் தனியாக வாங்கி அதே பட்டில் மாட்டிக்கொள்ளலாம். பேரே தெரியாத திருகு என்றால் அந்த வழி அடைந்துவிடும்.

கடைக்குப் போனால் என்ன செய்வது? முதலில் இரண்டு துண்டாகவே வைத்து, ஷாஃப்டைத் தனியாக, பட்டைத் தனியாக உருட்டுங்கள். பிறகு மாட்டி உருட்டுங்கள். முனைக்கும் மேஜைக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கோடு ஒரே அளவில் இருக்க வேண்டும். மூச்சு விடுவது மாதிரி திறந்து மூடினால் வளைவு இருக்கிறது. மாட்டும்போது மட்டும் துள்ளினால் தப்பு ஜாயின்ட்டில். பிறகு துப்பாக்கி பிடிப்பது போலப் பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நீளத்துக்குப் பாருங்கள். ஜாயின்ட்டில் விரலை ஓட்டுங்கள், படி தட்டக்கூடாது. ஃபெரூலை நகத்தால் சுற்றித் தடவுங்கள், விரிசல் மாட்டும். க்யூவைச் செங்குத்தாகப் பிடித்து பட்டின் அடியைத் தரையில் மெதுவாகத் தட்டுங்கள். கிணுகிணு என்று உள்ளே ஏதாவது ஆடினால் வேண்டாம்.

மேஜை இருக்கிற கடையாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைப் பந்தை மேஜையின் தலைப்பக்கப் புள்ளியில் வையுங்கள். மேஜையின் நேர் எதிர் விளிம்புக்கு அடித்து, அது திரும்பி வந்து உங்கள் டிப்பிலேயே முட்ட வேண்டும். அடித்த பிறகு க்யூவை அசைக்காமல் அப்படியே விட்டுவைத்திருங்கள். பத்து தடவை. ஒரு க்யூவில் மூன்று தடவை முட்டுகிறது, இன்னொன்றில் ஆறு தடவை என்றால், விலைச்சீட்டைப் பார்க்காமல் இரண்டாவதை எடுங்கள். இந்தச் சோதனையில் எனக்கு மூன்று மடங்கு விலை க்யூ தோற்று, மூலையில் கிடந்த சாதாரண மேப்பிள் ஜெயித்தது. இன்றைக்கும் அதில்தான் ஆடுகிறேன். கடையில் மேஜை இல்லை என்றால், பார்லரில் சொந்த க்யூவோடு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். வசந்த்நகரில் கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கம் இருக்கிறது, தீவிரமாக ஆடுகிறவர்கள் வந்துபோகிற இடம். "ரெண்டு ஷாட் அடிச்சுப் பாக்கலாமா சார்?" என்று மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு. அவருடைய சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவருடைய க்யூவால் பிரேக் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

உங்கள் பத்தாயிரத்தில் எல்லாவற்றையும் க்யூவிலேயே போட்டுவிடாதீர்கள். மெஸ், மெக்டர்மாட், பிரெடேட்டர் போன்ற பெயர்களின் நல்ல மாடல்கள் அந்தப் பணத்துக்கு வராது. அந்தப் பெயரைப் போட்டு அந்த விலைக்கு யாராவது புதிதாக நீட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அந்த விலையில் ஒழுங்காக வருவது பெரும்பாலும் சீனாவில் செய்த மேப்பிள் க்யூதான், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆறு ஏழாயிரத்துக்கு க்யூ, மீதியில் கெட்டியான ஒரு கேஸ், நல்ல டிப், சாக், டிப்பைச் சீர்செய்ய ஒரு சின்ன அரம். கேஸ் வெறும் துணிப்பையாக இருக்கக்கூடாது. பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு சில்க் போர்டு சிக்னலில் திரும்பும்போது உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோக்காரர் அதன் மதிப்பை அறியமாட்டார். பிரேக்குக்கென்று தனி க்யூ, பந்தைத் தாவவைக்கும் ஜம்ப் க்யூ எல்லாம் இப்போது வேண்டாம். பிரேக்கை மட்டும் பார்லர் குச்சியால் அடியுங்கள், உங்கள் டிப் பிழைத்துக்கொள்ளும்.

வாங்கிய பிறகு பெரிய பராமரிப்பு இல்லை. சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், நாள்பட்டால் வளையும். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். ஷாஃப்ட் பிசுபிசுத்தால் லேசாக நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் தேயுங்கள். உப்புத்தாள் போட்டால் ஒவ்வொரு தடவையும் கம்பு இளைக்கும், 13 மி.மீ. வாங்கி 12-ல் ஆடிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது மடிவாளாவில் பஸ் ஏறினால், க்யூவைக் கீழே சாமான் பெட்டியில் போடவிடாமல் உங்கள் பெர்த்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். விமானம் என்றால் கையோடு விடமாட்டார்கள், செக்-இன்தான்; அதற்கும் கெட்டி கேஸ் வேண்டும்.

கடைசியாக நண்பரின் கார்பன் க்யூ. கார்பன் ஷாஃப்டின் பெரிய லாபம், அது வளையாது. ஈரம், வெயில் எதுவும் அதைத் தொடாது, துடைத்தால் சுத்தம். பிரெடேட்டர் 2016-ல் ரெவோ என்று கொண்டுவந்த பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆனால் அடிக்கும் சத்தமும் கைக்கு வரும் அதிர்வும் மரத்திலிருந்து வேறு. சிலருக்கு அது வெறும் குழாயைத் தட்டுவது போல இருக்கும், எனக்கும்தான். விலை ஒத்துவந்தாலும் இரண்டு வாரம் அதில் ஆடிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நண்பர்தானே, கொடுப்பார். ஷாஃப்டில் வெளிச்சம் படும்படி பிடித்துச் சுற்றிப் பாருங்கள்: கீறல் பரவாயில்லை, நார் பிரிந்திருந்தால் வேண்டாம். ஷாஃப்ட்தான் கார்பன், பட் பெரும்பாலும் மரம். ஆகவே பட்டைத் தனியாக உருட்டிப் பாருங்கள். டிப்பில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மீதி என்று பாருங்கள். வாங்கிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் ஏன் விற்கிறார் என்றும் கேளுங்கள். "இன்னும் நல்லதாக ஒன்று வாங்கப் போகிறேன்" என்றால் விலை பேசுங்கள். "இதில் எனக்குப் பந்தே விழவில்லை" என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்.